‘தி பாப்பி வார்’: படித்தவர்களும் படிக்கத் தயங்குகிறவர்களும் என்னிடம் கேட்டவை

ஆர். எஃப். குவாங் எழுதிய ‘தி பாப்பி வார்’ நாவலை மூன்று பேரிடம் படிக்கச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து பேருமே ஏன் என்று கேட்டார்கள். அப்போது கேட்டவற்றையும், படித்து முடித்தபின் சிலர் திரும்பி வந்து கேட்டவற்றையும் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். முடிவைச் சொல்லாமல் என் சங்கடத்தைச் சொல்ல முடியாது. முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் முதல் ஐந்து கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதை எதைப் பற்றியது?

நிகான் என்ற பேரரசின் தெற்கே டிகானி என்று ஒரு சிற்றூர். அங்கே அபின் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தில் ரின் வளர்கிறாள். போர் அநாதை. வயதில் மிகவும் மூத்த ஓர் அதிகாரிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தால் கடத்தலுக்கு வழி கிடைக்கும் என்று வளர்த்தவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அவள் தப்பிக்க ஒரே வழி நாடு முழுவதற்கும் நடக்கும் கேஜு தேர்வு. தூக்கம் வராமல் இருக்க மெழுகுவர்த்தியின் சூடான மெழுகைக் கையில் ஊற்றிக்கொண்டு படித்து, மாகாணத்தில் முதலாவதாக வந்து, சினிகார்ட் போர்க்கல்லூரியில் சேர்கிறாள்.

அங்கே ஜியாங் என்ற ஆசிரியர், மற்றவர்கள் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டவர், தெய்வத்தை உடலில் இறக்கும் வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஆங்கிலத்தில் ஷாமன் என்கிறார்கள். நம்மிடம் சாமியாடி என்ற சொல் இருக்கிறது; படிக்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் வந்துகொண்டே இருந்தது. ரின்னின் மேல் இறங்கும் தெய்வம் நெருப்புப் பறவையான ஃபீனிக்ஸ். அதற்குள் அண்டைத் தீவு நாடான முகென் படையெடுக்கிறது. கல்லூரிக் கதை அத்தோடு முடிந்து போர்க்கதை தொடங்குகிறது.

எழுதியவர் யார்?

ரெபெக்கா குவாங் 1996-ல் சீனாவின் குவாங்ஜோ நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டார். 19 வயதில், பெய்ஜிங்கில் தங்கியிருந்த காலத்தில், இதை எழுதத் தொடங்கினார். நாவல் 2018-ல் வந்தது. அடுத்த ஆண்டு காம்ப்டன் குரூக் விருதும் கிராஃபோர்ட் விருதும் கிடைத்தன. 2019, 2020-ல் அடுத்த இரண்டு பாகங்கள் வந்து தொடர் நிறைவடைந்தது.

பாப்பி என்றால் நம் கசகசாச் செடிதானே?

அதேதான். குருமாவுக்கு அரைக்கிற கசகசா அந்தச் செடியின் விதை. அபின் அதன் காயைக் கீறினால் வடிகிற பால். நாவலில் சாமி இறங்க அபின் வேண்டும். நாட்டை அழித்ததும் அதே அபின். இந்த இரண்டையும் ஒரே பொருளில் வைத்தது இந்த நாவலின் மிகக் கெட்டிக்கார யோசனை என்று நினைக்கிறேன்.

நிகான் என்பது சீனா, முகென் என்பது ஜப்பான். மறைத்துச் சொல்லும் முயற்சியே இல்லை. பின்னணியில் 1839-லும் 1856-லும் தொடங்கிய அபின் போர்களின் நிழல் இருக்கிறது. பீகாரில் விளைந்த அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனி கல்கத்தாவில் ஏலம் விட்டது, வியாபாரிகள் அதைச் சீனாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தப் போரில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். 1841 மே மாதம், ஆசிரியர் பிறந்த அதே குவாங்ஜோவுக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில், 37-வது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு மழையில் துப்பாக்கி நனைந்துபோய்க் கிராமத்து மக்கள் கூட்டத்துக்கு நடுவே சிக்கிக்கொண்டது. இதைப் படித்ததிலிருந்து, இந்த நாவல் எங்கோ தொலைவில் உள்ள யாரோ இருவரின் சண்டை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்படி என்ன இருக்கிறது அதில், கீழே வைக்க முடியாதபடி?

முதலில், பரீட்சை. ஒரே ஒரு தேர்வில் குடும்பத்தின் தலையெழுத்தே மாறும் என்பது நமக்கு விளக்கம் தேவைப்படாத விஷயம். பலகையில் தன் பெயரை ரின் தேடும் காட்சியில் என் கை நடுங்கியது. சீனாவில் அந்தத் தேர்வுமுறை 1905 வரை நடந்தது.

அடுத்தது, கல்லூரியில் அவளைப் பார்க்கும் பார்வை. பணக்காரப் பிள்ளைகள் அவளுடைய பேச்சுவழக்கையும் நிறத்தையும் கேலி செய்கிறார்கள். அவள் கறுப்பு, தெற்கத்திக்காரி, படிக்க வந்த இடத்தில் யாருமில்லாதவள். அழகாக இருப்பவர்கள் மட்டும் ஜெயிக்கிற எத்தனையோ ஃபேண்டசிகளுக்கு நடுவே, இவள் வாயைக் கடித்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்து எல்லாரையும் முந்துவது எனக்குக் கொடுத்த சந்தோஷத்தைச் சின்னது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், நடை. குவாங் நின்று வருணிக்கிறவர் இல்லை. ஒரு வாக்கியம் அடுத்ததைத் தள்ளிக்கொண்டே போகும். முதல் முறை மூன்று இரவுகளில் முடித்தேன். இரண்டாம் முறை, என்ன வரப்போகிறது என்று தெரிந்தும், மறுபடி மூன்று இரவுகள்.

கல்லூரிக் கதை என்கிறீர்களே, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். இது பெரியவர்களுக்கு எழுதப்பட்ட நாவல். பதின்வயதுப் பெண் நாயகி, பள்ளி, போட்டி, நட்பு என்று தொடங்குவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். நான் வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரில் ஒருவர் தன் மகளுக்காகக் கேட்டவர்.

21-ஆம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது?

கோலின் நிஸ் என்ற நகரம் விழுந்த பிறகு ரின்னும் அவளுடைய படைப்பிரிவும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். சண்டை ஓய்ந்துவிட்டது. உயிரோடு அநேகமாக யாரும் இல்லை. தெருத்தெருவாக நடந்து அவர்கள் பார்ப்பதை ஆசிரியர் ஒன்றுவிடாமல் எழுதுகிறார். பிணங்கள், குழந்தைகள், பெண்களுக்கு நடந்தது. ரின்னின் நண்பன் கிட்டாய் உயிரோடு கிடைக்கிறான், அவன் கண்டதைச் சொல்கிறான். கல்லூரியில் அவளோடு எப்போதும் மோதிக்கொண்டிருந்த வென்கா கிடைக்கிறாள், அவளும் தனக்கு நடந்ததைச் சொல்கிறாள். வென்கா பேசும் அந்தப் பகுதி இந்த நாவலிலேயே மிகக் கவனமாக எழுதப்பட்டது. அவள் இரக்கம் கேட்பதில்லை. அவர்களை எரித்துவிடு, சத்தியம் செய் என்று கேட்கிறாள்.

அதில் எவ்வளவு உண்மை?

நினைப்பதைவிட அதிகம். 1937 டிசம்பர் 13 அன்று ஜப்பானியப் படை அப்போதைய சீனத் தலைநகரான நாஞ்சிங்குக்குள் நுழைந்தது. அடுத்து ஏறக்குறைய ஆறு வாரங்கள் அங்கே நடந்ததுதான் கோலின் நிஸ். கொல்லப்பட்டவர்கள் 3 லட்சம் என்பது சீன அரசின் கணக்கு. போருக்குப் பின் நடந்த தோக்கியோ நீதிமன்றம் 2 லட்சத்துக்கு மேல் என்றது. நாவலில் யார் அதிகம் வெட்டுகிறார்கள் என்று நடக்கும் போட்டியைப் படித்து, இது கற்பனை, இப்படி எந்த மனிதனும் செய்ய மாட்டான் என்று தோன்றும். 1937-ல் இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் நூறு பேரை முதலில் யார் வெட்டுவது என்று போட்டி போட்டதாக ஜப்பானியச் செய்தித்தாளே விளையாட்டுச் செய்திபோல வெளியிட்டது.

பின்னால் வரும் ஆராய்ச்சிக்கூடமும் அப்படித்தான். ஹார்பின் நகருக்கு அருகே ‘யூனிட் 731’ என்ற பிரிவு உயிரோடு இருக்கும் மனிதர்களின் உடலில் சோதனை செய்தது. அதை நடத்தியவர் ஷிரோ இஷி. சோதனைக் குறிப்புகளுக்குப் பதிலாக அமெரிக்கா அவரை விசாரணையிலிருந்து காப்பாற்றியது. நாவலின் கொடூர மருத்துவருக்கும் ஷிரோ என்றே பெயர்.

தன் மக்களுக்கு நடந்ததை அவர் எழுதக் கூடாதா? உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?

எழுத வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால்தான் தவறு. நாஞ்சிங் பற்றி 1997-ல் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் ஐரிஸ் சாங். அந்த வேலையின் பாரத்தோடு வாழ்ந்து, 2004-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குவாங் இந்த நாவலை ஐரிஸுக்குத்தான் காணிக்கை ஆக்கியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு, அதிர்ச்சிக்காக எழுதினார் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. நாஞ்சிங்கில் இறந்தவர்கள் எந்தக் கதைக்காகவும் இறக்கவில்லை. நாவலில் அந்தச் சாவுகளுக்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. ரின்னின் கோபத்தை, அதைவிட முக்கியமாக என் கோபத்தை, ஏற்றிவிடுவதுதான் அந்த வேலை. 21-ஆம் அத்தியாயத்தை முடித்தபோது நான் அழவில்லை. எனக்கு நெருப்பு வேண்டும் என்று இருந்தது. அந்த நாட்டையே கொளுத்து என்று மனசுக்குள் சொன்னேன். நூறு பக்கம் தாண்டுவதற்குள் அவள் கொளுத்திவிடுகிறாள்.

முடிவில் சரியாக என்ன நடக்கிறது?

ரின்னும் ஆல்டானும் முகென் கையில் மாட்டுகிறார்கள். ஆல்டான், ஸ்பியர் என்ற தீவின் கடைசி ஆள். அவன் இனத்தையே முகென் ஒரே இரவில் அழித்திருந்தது. சிறுவனாக ஷிரோவின் கையில் சிக்கிச் சோதனைக்கு ஆளானவன். ரின்னும் ஸ்பியர் வம்சம் என்பது நடுவில் தெரியவருகிறது. ஆல்டான் தன்னை எரித்துக்கொண்டு அவளைத் தப்பவிடுகிறான். அவள் நீந்தி ஸ்பியர் தீவுக்குப் போகிறாள், அங்குள்ள கோயிலில் ஃபீனிக்ஸை அழைக்கிறாள், முகென் முழுவதும் அழியட்டும் என்று கேட்கிறாள். அந்தத் தீவு நாட்டின் எரிமலை வெடிக்கிறது. படைவீரன், பால் குடிக்கும் பிள்ளை, யாரும் மிஞ்சுவதில்லை. ஜப்பானை மனதில் வைத்து எழுதிய நாட்டுக்கு மேல் இப்படி ஒரு வெளிச்சம் எழும்போது ஹிரோஷிமாவை நினைக்காமல் இருக்க முடியாது.

ரின் செய்தது தவறு என்று நாவலே சொல்கிறதே?

சொல்கிறது. அதற்காகத்தான் இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். டியர்ஸா என்ற பழைய ஸ்பியர் அரசியின் ஆவி வந்து அவளைத் தடுக்கப் பார்க்கிறது. கப்பலில் கண் விழிக்கிற ரின்னிடம் கிட்டாய் கேட்கிறான், அங்கே இருந்த சாதாரண ஜனங்கள்? கோலின் நிஸில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன் அவன்தான், பழி கேட்கும் உரிமை யாருக்காவது இருந்தால் அவனுக்குத்தான். அவனே அவளை விட்டு விலகுகிறான். அவர்கள் மனிதர்களே இல்லை என்று ரின் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அப்படிச் சொல்லாவிட்டால் அவளால் அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது. முகென் சிப்பாயும் நிகான் மக்களைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டான். இந்தக் கண்ணாடியை ஆசிரியர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

ஆனால் என் குறை இதுதான்: முகென் நாட்டில் ஒரு தெருவைக்கூட நாம் பார்க்கவில்லை. ஒரு முகென் கிழவி, ஒரு கடைக்காரர், படைக்குப் போகப் பயந்து ஒளிந்த ஒரு பையன், யாரும் இல்லை. ஷிரோவும் சிப்பாய்களும் மட்டும் தெரிகிறார்கள். ரின்னின் பார்வையில் கதை நடப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று பதில் சொல்லலாம். சரிதான். ஆனாலும் அந்த நாடு அழியும்போது, அங்கே இறந்தவர்கள் எனக்கு ஓர் எண்ணிக்கையாகத்தான் தெரிந்தார்கள். தவறு என்று என் அறிவு சொன்னது. நெஞ்சு கலங்கவில்லை. கலங்குவதற்கு ஆசிரியர் எனக்கு ஒரு முகத்தைக்கூடக் கொடுக்கவில்லை. கிட்டாயின் கேள்விக்கு இன்னும் கனம் கூடியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கண்ணகி மதுரையை எரித்ததைக் கொண்டாடுகிறோமே, ரின்னை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

இதைக் கேட்டவர் என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்தார். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டபோது ஊர் எரிந்தது என்றதும் கைதட்டினேன். மதுரையில் யாரெல்லாம் இருந்திருப்பார்கள் என்று நினைத்ததில்லை.

பிறகு சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையை எடுத்துத் திரும்பப் படித்தேன். கண்ணகியின் முன் தீக்கடவுள் வந்து நிற்கிறான், இங்கே யார் பிழைக்க வேண்டும் என்று கேட்கிறான். அவள் பட்டியல் போடுகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். இவர்களை விட்டுவிட்டுத் தீயோரிடம் மட்டும் போ என்கிறாள். அந்தப் பட்டியல் முழுமையானதா, அதில் யார் விட்டுப்போனார்கள் என்று இன்றைக்கும் வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் எரியும் முன் நெருப்பே ஒரு கேள்வி கேட்கிறது. குழந்தைகளின் பெயர் சொல்லப்படுகிறது.

ஃபீனிக்ஸ் யாரை விட வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் ரின் யாருடைய பெயரையும் சொல்லியிருக்க மாட்டாள். எனக்குக் கண்ணகியைவிட ரின்மேல் அதிகப் பயம் வருவதற்குக் காரணம் அதுதான்.

கருப்பையை அழித்துக்கொள்ளும் காட்சி?

கல்லூரியில் முதல் மாதவிலக்கு வந்ததும், படிப்புக்கு இடைஞ்சல் என்று மருந்து வாங்கிக் குடித்துக் கருப்பையையே செயலற்றதாக ஆக்கிக்கொள்கிறாள் ரின். அவளுக்கு வருத்தம் இல்லை. அந்த முடிவை எடுக்க அவளுக்கு உரிமை உண்டு, பெண் என்றால் பிள்ளை பெற ஆசைப்பட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதுப் பெண்ணின் வாழ்நாள் முடிவு, இரண்டொரு பக்கத்தில், ஒரு நாள் வலியோடு கடந்துபோகிறது. தோழி இல்லை, தயக்கம் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் விலை கேட்கிற நாவல் இதை மட்டும் மலிவாக விட்டுவிட்டது.

அடுத்த பாகங்களையும் படிக்க வேண்டுமா?

முதல் பாகம் பிடித்திருந்தால் படியுங்கள். ரின் மூட்டிய தீயின் கணக்கை அவை மறப்பதில்லை. ஓர் ஏழைக் கிராமத்துப் பெண் எப்படிக் கொடுங்கோல் தலைவி ஆகிறாள் என்பதுதான் மூன்று பாகங்களின் மொத்தக் கதை. மாவோவின் வாழ்க்கைப் போக்கை மனதில் வைத்தே ரின்னை உருவாக்கியதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். இது தெரிந்தபின் முதல் பாகத்தின் பரீட்சைக் காட்சிகளைத் திரும்பப் படித்தேன். அதே சந்தோஷம் வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது.

யார் இதைப் படிக்க வேண்டாம்?

பாலியல் வன்முறையைப் பற்றிப் படித்தால் உடம்பு ஆடிப்போகிறவர்கள். போரில் தன் ஆட்களை இழந்தவர்கள். நம் மொழி வாசகர்களில் 1983-ஐப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், 2009-ல் முள்ளிவாய்க்காலிலிருந்து நடந்து வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொன்ன இன்னொருவர் அப்படிப்பட்டவர். அவருக்கு 21-ஆம் அத்தியாயம் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று கேட்டார். படிக்கலாம், கதை புரியும் என்றேன். ஆனால் கடைசி நெருப்பு அவருக்கு வேறு மாதிரி எரியும் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பரீட்சை வரைக்கும் மட்டும் படிக்கிறேன் அண்ணா என்றார்.

படித்து முடித்துவிட்டேன், மனசு சரியில்லை. இனி எதைப் படிப்பது?

நாஞ்சிங்கிலேயே இருந்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். அங்கே சில வெளிநாட்டவர்கள் சேர்ந்து ஒரு பாதுகாப்பு வளையத்தை நடத்தினார்கள். 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்குள் ஒதுங்கினார்கள். தலைமை தாங்கிய ஜான் ராபே சீமென்ஸ் நிறுவனத்தின் ஊழியர், நாஜிக் கட்சி உறுப்பினர். அந்தக் கட்சிக்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான சீனர்களை வைத்துக் காப்பாற்றினார். கற்பனையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

ராபே வைத்திருந்த நாட்குறிப்பு புத்தகமாக வந்திருக்கிறது. மின்னி வாட்ரினுடையதும் கிடைக்கிறது. அவர் ஜின்லிங் மகளிர் கல்லூரியில் இருந்த அமெரிக்க ஆசிரியை. நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 10,000 பேர் அந்தக் கல்லூரி வளாகத்தில் இருந்தார்கள். வாசல் கதவுக்கும் மாடிக்கும் தோட்டத்துக்குமாக நாள் முழுக்க ஓடிச் சிப்பாய்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததை வாட்ரின் எழுதியிருக்கிறார். எல்லாரையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த நினைவு அவரை விடவில்லை. 1940-ல் ஊர் திரும்பி, 1941-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதைப் படித்துவிட்டு 21-ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். கோலின் நிஸில் ஏதாவது ஒரு கதவுக்கு முன்னால் அப்படி யாராவது நின்றிருப்பார்களா என்று ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன்.